செங்கோட்டையின் நௌபத் கானா: மேடையும் சபையும் இல்லாத இசைக் கட்டடம்

மயூர் விகாரில் குடியிருக்கும் நீங்கள், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த உங்கள் மாமாவைச் செங்கோட்டைக்கு அழைத்துச் சென்றதாக எழுதியிருக்கிறீர்கள். கடைத்தெருவைத் தாண்டியதும் புல்வெளியில் தனியாக நிற்கும் சிவப்புக் கட்டடமான நௌபத் கானா, அதாவது முரசும் குழலும் முழங்கும் இல்லம், அரண்மனை இசைக்கலைஞர்களுக்காகக் கட்டப்பட்டது என்று அங்கே சொல்லக் கேட்டபோது, நெடுநாள் தவில் வாசித்த அவர் நம்பவில்லை என்றும், வாசிப்பவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், கேட்பவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் உங்களிடம் பதில் இல்லை என்றும் சொல்கிறீர்கள். மதுரையில் அம்மன் சன்னதிக்கு எதிரே உள்ள நகரா மண்டபத்துக்கும் இதற்கும் உறவு ஏதேனும் உண்டா என்பது உங்களுடைய கேள்வி. மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தில்லித் தமிழ்க் குடும்பங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அந்தக் கோட்டைக்குள் அழைத்துச் சென்று காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் இந்தக் கட்டடத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கிறவர்களே அரிது. எல்லோருக்கும் பளிங்கு மாளிகைகளைப் பார்க்கும் அவசரம்.

முதலில் நேரான பதில். வாசித்தவர்கள் மேல் தளத்தில் இருந்தார்கள். கேட்பவர்களுக்கென்று இடம் எதுவும் கட்டப்படவில்லை, ஏனென்றால் கோட்டை முழுவதும், காற்று இசைந்த வேளைகளில் அதற்கு வெளியே இருந்த நகரமும், கேட்பவர்களாகவே இருந்தார்கள். தில்லியின் கமானி அரங்கம் போன்ற ஒரு கூடம் ஒலியை உள்ளே பிடித்து வைத்து, கடைசி வரிசை வரை சிந்தாமல் கொண்டுசேர்ப்பதற்காகக் கட்டப்படுகிறது. நௌபத் கானாவோ ஒலியை வெளியே அனுப்புவதற்காகக் கட்டப்பட்டது. மேடை, இருக்கை, மூடிய கூடம் என்று நாம் ஓர் இசை மண்டபத்தில் தேடுகிற எதுவும் இங்கே கண்ணில் படாததற்கு இந்த ஒரு வேறுபாடே காரணம். உங்கள் மாமாவின் ஐயம் நியாயமானது. அவர் தேடிய இடம்தான் வேறு.

கட்டடத்தை அதன் இருப்பிடத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. ஷாஜஹான் 1639-ல் தொடங்கி 1648-ல் முடித்த அரண்மனைக் கோட்டை இது. உஸ்தாத் அகமது, உஸ்தாத் ஹமீத் என்ற இரு தலைமைக் கட்டடக் கலைஞர்களின் பெயர்கள் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. மேற்கே சாந்தினி சௌக்கைப் பார்த்து நிற்கும் லாகூர் வாயிலில் நுழைந்தால், இரு பக்கமும் மாடங்களாகக் கடைகள் அமைந்த, மேலே வளைவுக் கூரை வேய்ந்த சட்டா சௌக் வருகிறது. வெயிலும் மழையும் படாத கூரையிட்ட கடைத்தெரு என்பது அக்காலத்து இந்தியாவில் அரிதான ஒன்று. அதன் நடுவே வானம் தெரியும்படி எண்கோணமாக ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். இந்த நிழலான நீண்ட வழியின் கிழக்கு முனையிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது நேரெதிரே நிற்பது நௌபத் கானா. அதன் வளைவுக்குள் நுழைந்து அப்பால் போனால் பொதுமக்கள் அரசனைக் காணும் திவானே ஆம். அதற்கும் பின்னால், அன்று யமுனை ஓடிய பக்கத்தை ஒட்டி, அரண்மனைப் பெண்களின் மாளிகையான ரங் மகால். லாகூர் வாயில், கடைத்தெரு, நௌபத் கானா, திவானே ஆமின் சிம்மாசன மாடம், ரங் மகால் என எல்லாமே மேற்கிலிருந்து கிழக்காக ஒரே நேர்கோட்டில் நூல் பிடித்து வைக்கப்பட்டவை.

இன்று நாம் பார்ப்பது அந்த அமைப்பின் எலும்புகளை மட்டுமே. நௌபத் கானாவுக்கு மேற்கே, கடைத்தெரு முடிகிற இடத்தில், நடுவே ஒரு குளத்துடன் கூடிய சதுக்கம் இருந்தது. வடக்கிலிருந்து தெற்காக ஓடிய ஒரு தெருவும் கால்வாயும் அதைக் குறுக்கே கடந்தன. கிழக்கே, திவானே ஆமைச் சுற்றி வளைவு மண்டபங்களால் அடைக்கப்பட்ட பெரிய முற்றம் இருந்தது. நௌபத் கானா இந்த இரண்டு திறந்தவெளிகளுக்கும் நடுவே, இரு பக்கச் சுவர்களோடும் மண்டப வரிசைகளோடும் ஒட்டி, ஒரு வாயிலாக நின்றது. 1857 கிளர்ச்சியை அடக்கிய பிறகு பிரிட்டிஷார் கோட்டையின் உட்கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். சதுக்கமும் குளமும் முற்றத்தைச் சூழ்ந்த மண்டபங்களும் அப்போது போயின. பிற்பாடு வைஸ்ராய் கர்சன் காலத்தில் எஞ்சியவற்றைப் பழுதுபார்த்துப் புல்வெளி போட்டார்கள். ஆகவே இன்று யாரும் அந்த வளைவுக்குள் நுழையாமலே சுற்றிக்கொண்டு அப்பால் போய்விடலாம். சுற்றிப் போக முடியாதிருப்பதுதான் வாயிலின் தன்மை. அதை இழந்த வாயில், நோக்கம் புரியாத ஒரு தனிக் கட்டடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இந்திய வரலாற்றுக் கட்டடங்களில் தனிக் கட்டடங்கள் தப்பி, அவற்றைப் பொருளுள்ளதாக்கிய வெற்றிடங்கள் அழிந்த கதை நிறைய உண்டு. என்னைப் பொறுத்தவரை, ஒரு தூண் உடைவதைவிட முற்றம் ஒன்று மறைவது பெரிய இழப்பு.

இனி கட்டடத்தின் உடல். நீள்சதுரத் தரைத்திட்டத்தில், மூன்று தளங்களாக, சிவப்பு மணற்கல்லால் முகப்பிடப்பட்டது. முகப்பின் நடுவே உயர்ந்த வளைவும், அதன் இரு பக்கமும் இரண்டு அடுக்குகளாகச் சிறிய வளைவு மாடங்களும் உள்ளன. கீழ்ப்பகுதிக் கல்லில் செடிகளும் மலர்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. இன்று வெறும் சிவப்பாகத் தெரியும் இந்தச் செதுக்குகள் ஒரு காலத்தில் பொன்னிறம் பூசப்பட்டிருந்தன என்றும், உட்புறத்தில் வேறு வண்ணங்கள் தீட்டப்பட்டிருந்தன என்றும் தொல்லியல் துறை கருதுகிறது. நடைவழியின் உள்ளே அண்ணாந்து பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காலங்களில் தீட்டிய ஓவியப் படலங்களின் எச்சம் தெரியும். வண்ணம் போன பிறகு கல்லின் நிறமே கட்டடத்தின் நிறம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் ஊர்க் கோயில் கல் மண்டபங்களிலும் இதே மயக்கம் உண்டு.

மூன்று தளங்களில் கீழே உள்ளவை காவலுக்கும் நடைவழிக்கும் உரியவை. இசைக்கு உரியது மேல் தளம். அதைத் திறந்த வளைவுகளோடு அமைத்திருப்பது அலங்காரத்துக்காக என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே என்ன வாசித்தார்கள் என்று பார்த்தால்தான் அந்தத் திறப்புகளும், கீழே உள்ள கல்லின் கனமும், எடுத்துக்கொண்ட உயரமும் ஏன் என்று தெரியும்.

ஷாஜஹானின் பாட்டனார் அக்பரின் அரண்மனை நகரா (முரசு) குழுவைப் பற்றி அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் பஸல் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். கனத்த ஒலி தரும் பெரிய தமாமா முரசுகள் ஏறக்குறைய 18 இணைகள். நகராக்கள் ஏறக்குறைய 20 இணைகள். துஹுல் என்ற மத்தளங்கள் 4. பொன், வெள்ளி, பித்தளை முதலியவற்றால் செய்த கர்ணா என்ற நீண்ட கொம்புகள், ஒரே நேரத்தில் 4-க்குக் குறையாமல். பாரசீக, இந்திய வகைச் சுர்னா என்ற குழல்கள் 9. பல நாட்டு நபீர் எக்காளங்கள். மாட்டுக் கொம்பு வடிவிலான பித்தளைக் கொம்புகள் 2. கைத்தாளங்கள் 3 இணைகள். தமாமாவையும் நகராவையும் மட்டும் கூட்டினாலே 38 இணைகள், அதாவது 76 முரசுகள். இவை எல்லாமே ஒரே வேளையில் முழங்கின என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு இடம் தரும் தளம் எவ்வளவு பாரத்தையும் அதிர்வையும் தாங்க வேண்டியிருக்கும் என்பதை உங்கள் மாமா உடனே உணர்ந்துவிடுவார். கீழே தடித்த கல் சுவர்களும் வளைவுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. அக்பரே நகரா வாசிப்பதில் தேர்ந்தவர் என்று அபுல் பஸல் எழுதுகிறார். அரசவை இந்தக் கலையை எவ்வளவு மதித்தது என்பதற்கு அது ஒரு சான்று.

குழுவின் கட்டமைப்பைக் கவனியுங்கள். ஒரு பக்கம் இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் உரத்த குழல்கள், மறுபக்கம் தோல் கருவிகள், காலம் காட்டத் தாளம். நமது பெரிய மேளத்தின் அமைப்பும் இதுவேதான். சுர்னாவும் ஷெனாயும் நாகஸ்வரமும் ஒரே குடும்பத்துக் குழல்கள், திறந்தவெளிக்காகவே பிறந்தவை. 1947 ஆகஸ்டில் இந்த இரண்டு மரபுகளும் தலைநகரில் ஒலித்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் நேருவிடம் செங்கோல் அளித்த வேளையில் ஒலித்தது, பிஸ்மில்லா கான் செங்கோட்டையில் ஷெனாய் வாசித்தார். சிறிய மூடிய அறையில் இந்தக் கருவிகளை வாசித்தால் காது வலிக்கும். வெட்டவெளியில், உயரத்தில் வாசித்தால் அவற்றின் கனம் கரைந்து நாதம் மட்டும் வந்து சேரும். நௌபத் கானாவைக் கட்டியவர்கள் செய்ததெல்லாம் இந்த ஓர் உண்மைக்குக் கல்லில் இடம் கொடுத்ததுதான்.

இதைக் காதால் கேட்டு எழுதிய ஒருவரின் சாட்சியம் நமக்கு இருக்கிறது. பிரான்சுவா பெர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர் ஔரங்கசீப் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் தில்லியில் வாழ்ந்தவர். 1663-ல் எழுதிய நீண்ட கடிதத்தில் தில்லி நகரையும் இந்தக் கோட்டையையும் வருணிக்கிறார். புதிதாக வந்தபோது நகராக் கானாவின் (நௌபத் கானாவின் இன்னொரு பெயர்) ஓசை தன் காதுக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்றும், பத்துப் பன்னிரண்டு குழல்களும் அதே அளவு தாளங்களும் ஒன்றாக முழங்கின என்றும் எழுதுகிறார். கர்ணா என்ற குழல் ஒன்றரைப் பாகம், அதாவது ஏறத்தாழ 9 அடி நீளம் இருந்தது என்றும், அதன் கீழ்வாய் ஓர் அடிக்குக் குறையாத அகலம் கொண்டது என்றும் குறிக்கிறார். 9 அடிக் கொம்பைத் தூக்கிப் பிடித்து ஊதுவதற்கு எவ்வளவு உயரமும் எவ்வளவு திறப்பும் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், மேல் தளத்து வளைவுகளின் அளவுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

பெர்னியே அதோடு நிறுத்தவில்லை. காலப்போக்கில் அதே இசை தனக்கு இனிமையாகிவிட்டது என்கிறார். குறிப்பாக இரவில், தொலைவில், தன் வீட்டு மொட்டைமாடியில் படுத்திருக்கும்போது அது கம்பீரமாகவும் நாதமயமாகவும் கேட்டது என்கிறார். வாசிப்பவர்கள் சிறு வயது முதலே இலக்கணப்படி பயின்றவர்கள், கரடுமுரடான கருவிகளின் ஒலியை ஏற்றி இறக்கி, தொலைவிலிருந்து கேட்பவனுக்கு இசைவாக ஆக்கத் தெரிந்தவர்கள் என்றும் பாராட்டுகிறார். பிறகு கட்டடக்கலை பற்றி ஒரே வரியில் மிக முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: நகராக் கானா எப்போதும் உயரமான இடத்திலும், அரசனின் இருப்பிடத்திலிருந்து தள்ளியும் வைக்கப்படுகிறது, அருகில் இருந்தால் அரசனுக்குத் தொல்லையாக இருக்கும் என்பதே காரணம். உயரம், தொலைவு இரண்டும் தற்செயல் அல்ல, திட்டமிட்டவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அரசனின் பெயரால் முழங்கும் இசை. ஆனால் அரசன் அதன் அருகில் இல்லை. திவானே ஆமின் முற்றத்தையும் அதற்குப் பின்னுள்ள தோட்டங்களையும் கடந்து, பதமாகி, அது அவனிடம் போய்ச் சேர வேண்டும்.

பெர்னியே கேட்ட இரவு இசையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அவர் சொன்னதற்கு இயற்பியலில் நல்ல விளக்கம் இருக்கிறது. கோட்டை மதில் நகரத்தின் பக்கம் 33 மீட்டர் வரை உயர்கிறது. அவ்வளவு பெரிய சுவருக்கு அப்பால் இருந்தவர்களுக்கு ஒலி எப்படிப் போனது? முதலாவது, முரசின் கீழ்ச்சுருதி. விநாடிக்கு 80 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் அதிகம். இப்படிப்பட்ட நீண்ட அலைகள் சுவரின் விளிம்பில் வளைந்து அப்பால் இறங்குகின்றன. குழலின் கூர்மையான ஒலி அந்த அளவுக்கு வளையாது. இரண்டாவது, உயரம். தரை மட்டத்தில் புறப்படும் ஒலியை மண்ணும் மனிதர்களும் மரங்களும் வழியிலேயே உறிஞ்சிக்கொள்வார்கள்; மேல் தளத்திலிருந்து புறப்படுவது அவற்றுக்கு மேலாகப் போகிறது. மூன்றாவது, தில்லியின் இரவு. பகலில் சுடும் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ளது குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்தில் வீணாகிறது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேற்காற்று சூடாக இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் தரையிலேயே தவழ்கிறது. ஊரில் பக்கத்துக் கிராமத்துத் திருவிழா மேளம் பகலில் கேட்காமல் இரவில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவது இதனால்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. இரவின் இந்த வளைவு அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. மாடியில் படுத்திருந்த பிரெஞ்சு மருத்துவருக்கு இசை கம்பீரமாகக் கேட்டதில் வாசித்தவர்களின் திறமைக்கும் தில்லி வானிலைக்கும் சம பங்கு உண்டு.

கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. மணற்கல், சுண்ணச்சாந்து பூசிய சுவர், வளைந்த விதானம் எல்லாமே கடினமான பரப்புகள். ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். வாசிப்பவர்களின் பின்னாலும் மேலேயும் அமைந்த அந்தப் பரப்புகள், வீணாகப் போயிருக்கும் ஒலியையும் திறந்த வளைவுகளின் வழியே முன்னோக்கித் திருப்பிவிடும். ஆகவே மேல் தளத்தை ஒரு அறை என்று சொல்வதைவிட, முன்புறம் திறந்த ஓர் ஒலிக்கூடு என்று சொல்வதே பொருந்தும். கட்டியவர்கள் கணக்குப் போட்டுச் செய்தார்களா என்று கேட்டால், பல தலைமுறைகளாக வாயில்களின் மேல் முரசு வைத்துப் பழகிய கைகளுக்குக் கணக்கு தேவைப்படவில்லை என்றே சொல்வேன்.

எப்போது வாசித்தார்கள்? ஒரு நாளில் ஐந்து முறை, நல்ல நேரம் பார்த்து, நௌபத் என்ற இந்த முரசு-குழல் இசை முழங்கியது என்பது செங்கோட்டையின் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அக்பர் காலத்தில் முதல் முழக்கம் நள்ளிரவிலும் இரண்டாவது விடியலிலும் இருந்ததாக அபுல் பஸல் எழுதுகிறார். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் இது நகரத்தின் நேரமும் ஆகும். அரசன் வருகை, வெற்றிச் செய்தி, பிறந்தநாள், திருவிழா எல்லாவற்றுக்கும் தனி முழக்கங்கள் உண்டு. நௌபத் முழக்கும் உரிமை அரசனுக்கே உரியது. உயர்ந்த பிரபுக்களுக்கு அவன் அதைச் சிறப்பாக வழங்குவான். முரசை அரசுரிமையின் அடையாளமாகக் கொண்டு அதற்குக் கட்டிலும் பூசையும் வைத்த சங்க கால மரபை நாம் அறிவோம். முரசுகட்டிலில் அறியாமல் படுத்துறங்கிய மோசிகீரனாருக்குச் சேர மன்னன் கவரி வீசிய நிகழ்ச்சி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் இடைவெளியில், வேறொரு மொழி பேசிய அரசவையில், அதே மதிப்புக்கு ஒரு தளமும் வாயிலும் கிடைத்தன.

வாயில் என்ற நிலையிலும் இது கண்டிப்பானது. யானை மேல் வருகிறவர்கள் இங்கே இறங்கியாக வேண்டும். அரச குடும்பத்து இளவரசர்களுக்கு மட்டுமே விலக்கு. அதனால்தான் இதற்கு ஹாத்தி போல், யானை வாயில், என்ற பெயரும் உண்டு. முறைக்காவலுக்கு வந்த ராஜாக்கள் கோட்டைக்கு வெளியே இருந்த சதுக்கத்தில் முகாமிட்டதாகப் பெர்னியே எழுதுகிறார். நௌபத் கானாவுக்கு முன்னால் இருந்த உட்சதுக்கத்தின் இரைச்சல், யானைகள், குதிரைகள், வணிகர்கள் எல்லாம் இந்தப் பக்கம். ஒழுங்கும் அமைதியும் கொண்ட அரசவை முற்றம் அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே, தலைக்கு மேலே இசை. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அந்த இசைக்குக் கீழாக நடந்துதான் அரசனிடம் போனார்கள். பிற்கால முகலாய மன்னர்களான ஜஹாந்தர் ஷாவும் பருக்சியரும் 1713-லும் 1719-லும் கொல்லப்பட்ட இடம் இதுவே என்று சொல்லப்படுவதுண்டு. கட்டடத்தைப் புரிந்துகொள்ள அது உதவாது என்பதால் மேலே போகிறேன்.

நேர்கோட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நௌபத் கானாவின் வளைவில் நின்று கிழக்கே பார்த்தால், ஒன்பது வளைவுகள் கொண்ட திவானே ஆமின் முகப்பும், அதன் நடுவே பின்சுவரை ஒட்டிய பளிங்குச் சிம்மாசன மாடமும் தெரியும். அந்த மாடத்தின் பின்சுவரில் நிறக் கற்கள் பதித்த பலகைகள் உள்ளன. அவற்றுள் மேலே உள்ள ஒன்றில் கிரேக்கப் புராணத்து இசைக்கலைஞன் ஆர்ஃபியூஸ், சுற்றிலும் விலங்குகள் மயங்கிக் கேட்க, நரம்பிசைக் கருவியை வாசித்துக்கொண்டிருக்கிறான். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து வேலை அது. 1857-க்குப் பிறகு இந்தப் பலகைகள் பெயர்க்கப்பட்டு லண்டன் போய், கர்சனின் முயற்சியால் திரும்பி வந்து, 1909 வாக்கில் ஒரு பிளாரன்ஸ் கலைஞரின் கையால் மீண்டும் பதிக்கப்பட்டன. இசைக்குக் கட்டுண்டு சிங்கமும் முயலும் பகை மறந்திருப்பதை, நீதி தவறாத அரசின் உருவகமாகக் கலை வரலாற்றாசிரியர் எபா கோச் விளக்கியிருக்கிறார். எனக்கு அந்த விளக்கம் மிகவும் பொருத்தமாகப் படுகிறது. நேர்கோட்டின் மேற்கு முனையில் 9 அடிக் கொம்புகளும் முரசுகளும். கிழக்கு முனையில், அரசனின் தலைக்கு மேலே, நிறக் கல்லில் ஓர் இசைக்கலைஞன். இரண்டையும் ஒரே நாளில், ஒரே நடையில் பார்க்க முடிகிற இடம் இது.

இனி மதுரை. அம்மன் சன்னதிக்கு எதிரே உள்ள நகரா மண்டபம் இராணி மங்கம்மாள் காலத்தது, அதாவது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். செங்கோட்டை அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முந்தியது. காலம் அருகருகே இருப்பதால் ஒன்று மற்றொன்றைப் பார்த்துக் கட்டப்பட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வாயிலருகே உயரத்தில் நகரா வைத்து முழக்குவது முகலாயருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. தக்காணத்து அரசவைகளும் தெற்கே நாயக்கர்களும் பின்பற்றிய பரந்த பழக்கம் அது. அஜ்மீர் தர்காவிலும் நகராக் கானா உண்டு. தாஜ்மகால் தோட்டத்தின் இரு பக்க மதில்களிலும் நௌபத் கானாக்கள் உள்ளன. மேற்கே உள்ளதில்தான் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே பழக்கத்தின் பிள்ளைகள் என்று சொல்லலாம், ஒன்று மற்றதன் நகல் என்று சொல்ல முடியாது.

கட்டடக்கலையில் அவற்றுக்குள்ள வேறுபாடு இன்னும் சுவையானது. மதுரையில் நகரா, அம்மனின் முகத்துக்கு நேராக, அருகிலேயே ஒலிக்கிறது. தெய்வத்தை எழுப்பவும் பூசையை அறிவிக்கவும் முழங்கும் ஓசை தெய்வத்துக்குத் தொல்லை என்ற எண்ணமே அங்கே இல்லை. தில்லியில் அரசனின் காது நொந்துவிடக் கூடாது என்று தள்ளி வைத்தார்கள். தவிர, நம் பெரிய மேளம் ஓரிடத்தில் கட்டுப்பட்டதும் அன்று. சுவாமி புறப்பாட்டில் அது வீதிகளில் நடக்கிறது. ஒவ்வொரு மூலையிலும் நின்று வாசிக்கிறது. கேட்பவர்களிடம் தானே போகிறது. ஆகவே அதற்கென்று பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. நான்கு மாட வீதிகளே அதன் அரங்கம். நௌபத் கானாவின் குழு நகரவில்லை. நகராத குழுவின் ஒலியை நாற்புறமும் நகர்த்துவது கட்டடத்தின் பொறுப்பாயிற்று. தஞ்சாவூர் அரண்மனையின் சங்கீத மகாலை இவற்றோடு வைத்துப் பார்த்தால் மூன்றாவது வகை ஒன்று தெரியும்: அது மூடிய கூடம், தேர்ந்த சிலருக்காக மெல்லிய நாதத்தைக் காத்து வைப்பது. உங்கள் மாமா மனத்தில் வைத்துக்கொண்டு செங்கோட்டையில் தேடியது இந்த மூன்றாவது வகையைத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை போகும்போது எப்படிப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். திங்கட்கிழமை கோட்டை மூடியிருக்கும். லால் கிலா மெட்ரோவில் இறங்கி, குளிர்காலமானால் முற்பகலில், வெயில் காலமானால் பிற்பகல் முடிந்து போங்கள். மேற்கு முகப்பில் மாலை வெயில் படும்போது செதுக்குகள் தெளிவாகத் தெரியும். சட்டா சௌக்கின் கடைகளில் நிற்காமல் அதன் கிழக்கு முனைக்கு வந்து, அங்கேயே நின்று, எதிரே ஒரு குளத்தையும் இடமும் வலமும் ஓடும் சுவர்களையும் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு புல்வெளியைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக நடந்து, நடைவழிக்குள் நின்று, விதானத்தில் எஞ்சியுள்ள வண்ணங்களைப் பாருங்கள். மேல் தளத்தில் இந்தியப் போர் நினைவு அருங்காட்சியகத்தை அமைத்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்து ஆயுதங்கள் அதில் வைக்கப்பட்டன. இசைக்காகக் கட்டிய தளத்தில் துப்பாக்கிகளை வைத்தது எனக்கு உவப்பானது அன்று. அங்கே ஓர் இணை நகராவும் ஒரு கர்ணாவும் ஒரு சுர்னாவும் வைத்து, அவை எப்படி ஒலித்தன என்று சொல்லும் பலகை ஒன்றும் இருந்திருக்க வேண்டும். கிழக்குப் பக்கம் வெளியே வந்ததும் திவானே ஆமை நோக்கிப் பாதித் தூரம் நடந்து திரும்பிப் பாருங்கள். மனு கொடுக்க வந்த ஒருவன் அரசன் முன் நின்றபோது அவன் முதுகுக்குப் பின்னால் இசை எந்த உயரத்திலிருந்து வந்தது என்பது அங்கிருந்துதான் சரியாகத் தெரியும். மாமாவும் உடன் வந்தால், மேல் தளத்து வளைவுகளைக் காட்டி, தவிலும் நாகஸ்வரமும் அங்கிருந்து வாசித்தால் எதுவரை எட்டும் என்று அவரிடமே கேளுங்கள். திறந்தவெளியில் வாசித்துப் பழகியவரின் கணிப்பு என் கணக்கைவிட நம்பகமானது.